ஒரிஜினல் சாமான்

“உள்ளே போறச்சேயும் சாக்கு, வெளியே வரச்சேயும் சாக்கு. நீ கவனிச்சியோ சீதா?”

மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள் பக்கத்து வீட்டு லோகாம்பாள்.

சீதாலக்ஷ்மி அதுவரை கவனிக்கவில்லை. இனிமேல் கவனிக்காமல் இருக்க முடியாது.

ஷெட்டில் நின்றது அவள் கணவர் வெங்கிட்டு உயிராக வைத்திருந்த பழைய மோரிஸ் மைனர். அவர் போன பிறகு, மகள் ஸுப்ரியாவின் மேல்படிப்புக்கு அந்தக் காரை விட்டால் வேறு வழியில்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார். ஆனால் கறார்.

“உள்ளே எல்லாம் ஒரிஜினல் சாமானா இருந்தா பேசின விலை. டூப்ளிகேட் கலந்திருந்தா எனக்கு வண்டியே வேண்டாம்மா.”

“நான் ரெடி பண்ணித் தர்றேன் மாமி” என்று தானாக வந்தவர் வீரபாண்டி. கொச்சங்காடியில் ஏலக்காய்க் கிடங்கு வைத்திருக்கும் தேனிக்காரர். வெங்கிட்டுவின் சிநேகிதர். மீசை முளைத்த நாளிலிருந்து பழைய கார் சேர்க்கிற பைத்தியம். இதே வருஷத்து மோரிஸ் மைனர் அவரிடமும் ஒன்று உண்டு. அதை யாராவது தொட்டால்கூட முகம் சுருங்கும்.

ஞாயிறுதோறும் மெக்கானிக் அனிலோடு வருவார். ஷெட் கதவைச் சாத்திக்கொள்வார்.

“அவன்கிட்டயும் இதே கார் இருக்கோல்லியோ? இதிலே இருக்கற நல்ல சாமானெல்லாம் அங்கே போறதாக்கும். பாலுக்குப் பூனையைக் காவல் வெச்சிருக்கே நீ.”

லோகாம்பாள் கொளுத்திப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். சீதாலக்ஷ்மிக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, ஸுப்ரியாவின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு போய் பானெட்டைத் திறந்தாள். எதற்கு என்ன பெயர் என்று தெரியாது. கழற்றக்கூடியதாகத் தோன்றிய ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்தாள்.

ஞாயிறு மதியம் வீரபாண்டி வெளியே வந்தபோது வழியை மறித்தாள்.

“சாக்கைத் திறங்கோ.”

“பழைய இரும்பு மாமி. கையெல்லாம் கிரீஸ் ஆயிரும்.”

“திறங்கோன்னேன்!”

அவளே பிடுங்கிக் கவிழ்த்தாள். உருண்டு விழுந்த சாமான்களில் எல்லாம் சிவப்புப் பொட்டு.

மதிலுக்கு அந்தப் பக்கம் லோகாம்பாளோடு இன்னும் நாலு தலைகள் முளைத்தன.

“கூடப் பொறந்தவராட்டம் நினைச்சேனே! இது என்னவாக்கும்?”

“மாமி, அது…” என்று அனில் வாயைத் திறந்தான். வீரபாண்டி அவன் கையைப் பிடித்து அழுத்தினார்.

“என் வண்டிக்கு வேணும்னு கழட்டிட்டேன் மாமி. புத்தி கெட்டுப்போச்சு.”

“மிளகு வியாபாரம் படுத்தப்போகூட எங்காத்துக்காரர் இந்தக் கார்லேர்ந்து ஒரு ஆணியை எடுத்து வித்ததில்லை. எங்களுக்கு ஒரு குறையும் வெச்சதில்லை. அவருக்குச் சிநேகிதரா நீங்க? வெட்கமா இல்லே?”

“திரும்ப மாட்டிக் குடுத்துர்றேன்.”

“மாட்டுங்கோ. ஒரு பொட்டு குறைஞ்சாலும் போலீஸைக் கூப்பிடுவேன். அப்புறம் இந்தப் படி ஏறப்படாது.”

வீரபாண்டி எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். நடுவில் அனில் மட்டும், வாஷர் வாங்க வேண்டும் என்று கடைத்தெருவுக்கு ஓடிவிட்டு வந்தான்.

வேலை முடிந்ததும் சீதாலக்ஷ்மி பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். எல்லாப் பொட்டும் இருந்தது. வீரபாண்டி வெறுங்கையோடு படியிறங்கினார். டூல் பாக்ஸைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அனில் பின்னால் போனான்.

மறுநாள் கோயம்புத்தூர்க்காரர் வந்து, டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

“அத்தனையும் ஒரிஜினல்! அது சரி, இது என்னம்மா சிவப்புப் பொட்டு?”

“திருஷ்டிக்கு” என்றாள் சீதாலக்ஷ்மி.

பேசிய விலைக்கே கார் கைமாறியது.

“நல்ல வேளை, நேத்திக்கே பிடிச்சேன்.”

“நானாக்கும் சொன்னது!” என்றாள் லோகாம்பாள்.

அந்தக் கார் தெருமுனைச் சாயாக்கடையைத் தாண்டிப் போவதைக் கடைக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் வீரபாண்டி. விரல்களில் சிவப்புச் சாயம். மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தும் முழுக்கப் போகவில்லை.

அனிலுக்குப் பொறுக்கவில்லை.

“சேட்டா, உங்க வண்டியில இருந்த ஒரிஜினலை எல்லாம் கழட்டி அந்த வண்டியில மாட்டினோம். அதுல கிடந்த டூப்ளிகேட்டத்தான சாக்குல எடுத்தோம்? நேத்து நெயில் பாலிஷ் வாங்கி ஒரிஜினலுக்குப் பொட்டு வேற வச்சோம். ஒரு வாக்கு சொல்லியிருந்தா இந்தக் கள்ளன்கிற பேர் வந்திருக்குமா?”

வீரபாண்டி சாயாவை ஒரு வாய் குடித்தார்.

“டூப்ளிகேட் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்கள்ல? வியாபாரம் படுத்தப்புறம் வெங்கிட்டு எதை வித்துக் குடும்பத்தை நடத்தினான்னு, பானெட்டைத் திறந்தப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. பெண்டாட்டிக்குத் தெரியாம மறைச்சுட்டுப் போய்ச் சேர்ந்துட்டான்.”

“அதுக்கு?”

“திருடன்னா நான் தாங்கிக்குவேன்டா, உசிரோட இருக்கேன். அவனைப் பொய்யன்னா, அவன் எங்கேர்ந்து வந்து பதில் சொல்லுவான்?”