தண்ணிக் குருமா

கெட்டியாகிவிடக் கூடாது.

அவள் கொதிக்கிற சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குருமா வைக்கக் கற்ற நாளிலிருந்து இப்படி ஒரு வேண்டுதல் வைத்ததில்லை. அவள் கைக் குருமாவைத் தட்டில் ஊற்றினால் ஊற்றிய இடத்தில் நிற்கும். கல்யாண வீட்டுக்காரர்களே வந்து பக்குவம் கேட்டுப் போவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இன்றைக்கு அந்தக் கர்வம் நாசமாய்ப் போகட்டும்.

அடுத்த வீட்டுப் பாத்திமுத்து சற்று முன்னால்தான் வந்து போனாள். இவள் மகன் நல்லபடியாகத் துபாய் விமானம் ஏறிவிட்டானா என்று விசாரிக்க வந்தவள். அவள் புருஷன் பாதி ஆயுளைத் துபாயில் கழித்தவர். படியிறங்கும்போது போகிற போக்கில் கேட்டாள்.

"கசகசா எதுவும் குடுத்து விடலையில்லக்கா? அங்க அதைக் கண்டா போதைச் சரக்குன்னு ஆளைப் புடிச்சு உள்ள வச்சிருவாக."

சேச்சே, இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

கதவைச் சாத்திய பிறகுதான் குருமாப் பொடி நினைவுக்கு வந்தது.

மகன் பெட்டியில் அது ஒரு பெரிய பொட்டலமாக இருக்கிறது. அம்மா பொடி இல்லாமல் அங்கே சோறு இறங்காது என்று அவனே கேட்டு வாங்கிப் போனான். மல்லி, சோம்பு, பட்டை, கிராம்பு, மிளகாய். கடைசியில் ஒரு கைப்பிடி கசகசாவை வெறும் சட்டியில் வறுத்துச் சேர்ப்பாள். குழம்பைக் கெட்டியாக்குவது அதுதான்.

சேர்த்தாளா?

பொடி அரைத்த அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஒருத்தி காப்பி கேட்டாள். ஒருத்தி பெட்டியின் எடையைப் பற்றி வம்பு வளர்த்தாள். அவள் வாய் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கை தன் போக்கில் வறுத்தது, தன் போக்கில் அரைத்தது. பழகின கை, அவளைக் கேட்டா செய்யும்?

கசகசா டப்பாவைத் திறந்து பார்த்தாள். காலி. அன்றைக்குத்தான் காலியானதா, அதற்கு முன்னால் பாயசம் வைத்தபோதே தீர்ந்துபோனதா, தெரியவில்லை.

வீட்டுக்கென்று நிறுத்திய மிச்சப் பொடியை விரலில் தேய்த்தாள். நாக்கில் வைத்தாள். மிளகாய் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டது.

மகன் ஆகாயத்தில் இருக்கிறான். அவன் போன் அணைந்து கிடக்கிறது. இறங்கியதும் பெட்டியை மெஷினுக்குள் விடுவார்கள். முதல் வேலை, முதல் பயணம். போன இடத்தில் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் அவனை இழுத்துக்கொண்டு போனால்?

பெற்றவளே பிள்ளையைப் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கணவரிடம் அவள் மூச்சு விடவில்லை. அவர் கூடத்தில் உட்கார்ந்து, விமானம் எங்கே போகிறதென்று போனில் பார்த்துக்கொண்டிருந்தார். கடலைத் தாண்டுது, கடலைத் தாண்டுது என்று தனக்குத்தானே சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

அதனால்தான் இந்த நேரத்தில் இந்தக் குருமா.

தேங்காய் இல்லை. உருளைக்கிழங்கு இல்லை. பொட்டுக்கடலை பக்கமே போகவில்லை. கேரட், பீன்ஸ், தண்ணீர், அந்தப் பொடி. இது கெட்டிப்பட்டால் பொடியில் கசகசா இருக்கிறது.

குமிழ் பெரிதாக எழுந்தது. மேலே ஏதோ திரண்டது.

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அடுப்பைக் குறைத்தாள். திரண்டது வெறும் நுரை. மெல்ல அடங்கியது.

ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் ஊற்றினாள்.

ஓடியது.

நம்பாமல் இன்னும் சிறிது நேரம் கொதிக்கவிட்டாள். மறுபடி ஊற்றித் தட்டைச் சாய்த்தாள். நீர்மோர்போல் ஓரத்துக்கு ஓடிவந்து அவள் கட்டைவிரலைச் சுட்டது.

போடவில்லை. அவள் கசகசா போடவே இல்லை.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை முடிவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகத் துடைத்துக்கொண்டு இடியாப்பத்துக்கு மாவு பிசைந்தாள்.

கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. மகன்தான், யாரோ நண்பனின் போனிலிருந்து. வெளியே வந்துவிட்டானாம். பெட்டியும் வந்துவிட்டதாம். கம்பெனி வண்டியில் போய்க்கொண்டிருக்கிறானாம்.

அவர் இடியாப்பத்தைப் பிட்டுக் குருமாவில் தோய்த்தார். வாயில் வைத்தார். முகம் சுருங்கியது. தட்டில் இடியாப்பம் தீவாக நின்றது.

"டேய், நீ போனதுமே உங்கம்மாவுக்குக் கைப்பக்குவம் போயிருச்சுடா. குருமாவா இது? கை கழுவுன தண்ணி!"

வேறு நாளாக இருந்தால் இந்தப் பேச்சுக்கு அவள் தட்டைப் பறக்கவிட்டிருப்பாள்.

"ஆமாய்யா, போயிருச்சு" என்று போனுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

சொல்லிவிட்டு, அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை மறிக்க மறிக்க, இன்னொரு கரண்டி ஊற்றினாள்.