ஒற்றைக் காலடி

கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகளே. பனிக்குள் வோட்டுக் கேட்கப் போன ஒருவரின் கதை இது.

இரத்தினவேல் அந்த வீட்டு வாசலுக்குப் பாதி வழியில், வலக்காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்.

முன்னே போனவரின் அடியில்தான் அவர் கால் வைப்பார். இங்கே பனியில் இடது சப்பாத்தின் அடி மட்டும் இருந்தது. இரு பக்கமும் ஊன்றுகோலின் வட்டக் குழிகள்.

"என்ன அத்தான், பனியிலை கால் வைச்சால் வோட்டுக் குறைஞ்சிடுமோ?" மனைவியின் தங்கை நிலாணி பின்னால் நின்று சிரித்தாள்.

இரத்தினவேல் இலங்கையிலிருந்து பிரான்சுக்கு அகதியாகப் போய், அந்த நாட்டு ஆமியில், அதுதான் இராணுவத்தில் சேர்ந்து, பிறகு இஞ்சினியராகி, இப்போது கனடாவில் ஸ்காபரோவில் நகரசபை இடைத்தேர்தலுக்கு நிற்கிறார். துண்டுப்பிரசுரத்தில் இஞ்சினியர் மட்டும்தான் இருந்தது. மற்றதை நிலாணி வெட்டிவிட்டாள். எந்த நாட்டு ஆமி என்றாலும், ஊரில் ஆமிக்குப் பயந்து ஓடிவந்த நம்முடைய சனத்துக்கு ஆமி ஆமிதானே. இந்தத் தெரு கைவிட்டால் தோல்விதான்.

அந்த ஒற்றைக் காலின் அடிகளுக்குள்ளேயே இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்து வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

மணி அடிக்க முன்பே கதவு திறந்தது. ஊன்றுகோல்களோடு ஒரு வயதான அம்மா. சட்டைக்குக் கீழே ஒரு கால்தான்.

"ஜன்னலாலை பாத்தனான். என்ரை அடியிலையே கால் வைச்சு வாறியள். ஆர் பழக்கினது?"

"இஞ்சினியர் எல்லே அன்ரி, அளந்துதான் நடப்பார்," என்று நிலாணி முந்திக்கொண்டாள்.

இரத்தினவேல் அந்த அம்மாவின் இல்லாத காலைப் பார்த்தார். இந்த வாசலில் அவருக்குப் பொய் வரவில்லை.

"ஆமி பழக்கினது, அம்மா. பிரெஞ்சு ஆமி. நிலத்திலை புதைச்ச மிதிவெடி எடுக்கிறதுதான் வேலை."

நிலாணி கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த அம்மா இரத்தினவேலின் பார்வை போன இடத்தைத் தானும் குனிந்து பார்த்தார்.

"இது சீனி வருத்தத்திலை, நீரிழிவிலை போனது, தம்பி. மிதிவெடியிலை போனவன் என்ரை மூத்தவன். அவனுக்கு முன்னாலை நடக்க ஒருத்தரும் இருக்கேல்லை."

ஊன்றுகோலை ஒதுக்கி வழிவிட்டார்.

"உள்ளை வாங்கோ. சப்பாத்தைக் கழட்ட வேண்டாம்."

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் முன்னால் நடக்க எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும்.