கோபமா, ஆபத்தா

திரையில் அக்காவைக் காணவில்லை.

துறைமுகக் கண்காணிப்பு அறையில் தம்பி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். கடல்மேல் மழை இறங்கியிருந்தது. ரேடார் சுற்றிச் சுற்றி மழையைத்தான் காட்டியது. அரிசி நொய்யைக் கொட்டினாற்போல் திரை முழுக்கப் புள்ளிகள். அதில் எது அக்காவின் படகு என்று பொறுக்கி எடுப்பது பெரும் பாடு.

நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் குடிதண்ணீரும் காய்கறியும் கொண்டுபோகும் சின்ன ஃபைபர் படகு அது. ஓட்டுவது அவள் ஒருத்திதான்.

மைக்கை எடுத்துக் கூப்பிட்டான். பதில் இல்லை.

இதில்தான் சிக்கல். அவன் குரல் கேட்டால் அவள் எப்போதுமே பதில் சொல்வதில்லை. இருவரும் பேசி மாதக்கணக்கில் ஆகிறது. அதனால் இந்த மௌனம் கோபமா, ஆபத்தா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மைக்கைப் பொறுப்பு அதிகாரியிடம் நீட்டினான். அவரோடு அவளுக்குப் பிணக்கு ஏதுமில்லை. அவர் நாலைந்து தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அவருக்கும் பதில் இல்லை.

தம்பி மறுபடியும் திரைமேல் குனிந்தான்.

சண்டைக்குக் காரணமே இந்த ரேடார்தான். வேலையில் சேர்ந்த புதிதில் அவளுக்கென்று ஒரு சாமான் வாங்கிப் போயிருந்தான். மூன்று அலுமினியத் தகடுகளை மூலையோடு மூலையாகப் பொருத்தியது. கொடுத்ததோடு நிற்காமல் விளக்கோ விளக்கென்று விளக்கினான். ரேடார் அலை உலோகத்தில் பட்டால்தான் நன்றாகத் திரும்பி வரும். ஃபைபர், துணி, பிளாஸ்டிக் என்றால் அதுபாட்டுக்கு ஊடுருவிப் போய்விடும். அதனால் உன் படகு என் திரையில் விழாது. இதைக் கம்பத்தில் கட்டினால் எந்தப் பக்கமிருந்து அலை வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும்.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். இவன் என்னைக் கண்காணிப்பதா என்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டேன் என்று மறுநாள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அவனும் முறுக்கிக்கொண்டான்.

அப்புறம் காலையில் கண்காணிப்பு அறை ஜன்னல் வழியாக அவள் கிளம்புவதைப் பார்ப்பதோடு சரி. தண்ணீர்ப் பீப்பாய்கள், காய்கறிக் கூடைகள், கம்பத்தில் தொங்கும் அழுக்குச் சாக்கு மூட்டை, அவள். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

ஆனாலும் தினமும் அவள் படகு திரையில் விழுந்தது. கடுகளவுதான், ஆனால் விடாமல். ஃபைபர் படகு இவ்வளவு தூரத்துக்குத் தெரியாதே என்று ரேடார் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். கூடப்பிறந்தவன் கண்ணுக்குத் தெரியும் என்று தம்பி பீற்றிக்கொண்டான். நிஜமாகவே அப்படி நம்பினான்.

இன்றைக்கு அந்தக் கண் கைவிட்டுவிட்டது.

அலை திரும்பி வராவிட்டால் ரேடார் தானே ஒரு கணக்குப் போடும். கடைசியாகப் பார்த்த வேகத்தையும் திசையையும் வைத்து, இந்நேரம் இங்கே இருக்க வேண்டும் என்று ஒரு வெற்று வட்டத்தை நகர்த்திக்கொண்டே போகும். அதற்குள் புள்ளி விழுகிறதா என்று சில சுற்றுகள் பொறுத்துப் பார்க்கும். விழாவிட்டால் தடத்தை அழித்துவிடும்.

வட்டம் துறைமுகத்தை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"தடத்தை விட்டுடுப்பா. மழை விட்டதும் புதுசா எங்கயாவது தெரியும், புடிச்சுக்கலாம்," என்றார் அதிகாரி, கனிவாகத்தான்.

அவன் விடவில்லை. ரேடாருக்கு அக்காவைப் பற்றி என்ன தெரியும்? அவள் எதில் நேர்வழிக்கு வந்திருக்கிறாள்? காற்று முகத்தில் அறைந்தால் ஒதுங்கிப் போகிற ஆளா? படகைக் காற்றுக்கு எதிரே திருப்பிக்கொண்டு மல்லுக்கு நின்றிருப்பாள். அவளோடு மல்லுக்கு நின்றவனுக்குத் தெரியாதா.

வட்டத்தைக் கையால் பிடித்து, காற்று வரும் பக்கமாகத் தள்ளி வைத்தான்.

மழைப் புள்ளிகள் சுற்றுக்குச் சுற்று இடம் மாறின. ஒரு கடுகு மட்டும் மாறவில்லை. அடுத்த சுற்றிலும் அங்கேயே இருந்தது. அதற்கடுத்த சுற்றிலும் இருந்தது.

அவன் சொன்ன இடத்துக்கு இழுவைப் படகு கிளம்பிப் போயிற்று.

அவளைக் கட்டி இழுத்து வந்தபோது மழை விட்டிருந்தது. தம்பி படித்துறைக்கு ஓடினான். அக்கா தொப்பலாக நனைந்து படகில் உட்கார்ந்திருந்தாள். காற்றோடு மல்லுக்கு நின்றதில் எஞ்சின் தண்ணீர் குடித்து நின்றுவிட, அங்கேயே நங்கூரம் போட்டிருந்தாள்; வயர்லெஸ்ஸும் நனைந்து செத்துவிட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு அழுகை வந்தது. யார் பார்த்தால் என்ன என்று அழுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கம்பத்தைப் பார்த்தான். உச்சியில் தொங்கிய சாக்கு மூட்டையைக் காற்று கிழித்துப்போட்டிருந்தது. கிழிசலுக்குள் மூன்று அலுமினியத் தகடுகள், மூலையோடு மூலையாக.

அவன் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள்.

"அங்க என்னடா பாக்குற? பழைய துணி மூட்டைடா அது."

மாதக்கணக்கில் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு.

ஆமாம் என்று தலையை ஆட்டினான். படகில் ஏறிக் கிழிந்த சாக்கை இழுத்து மூடி, தகடு வெளியே தெரியாதபடி முடிச்சுப் போட்டான்.