அமைச்சர் வாயில் விழுந்த காத்தான்

அமைச்சர்கள் மேடையில் எதைச் சொன்னாலும் அன்று மாலைக்குள் அதுவே வரலாறாகிவிடும் காலம் அது. பாடப்புத்தகம் தானாகத் திருந்தும். சிலை தானாக முளைக்கும். அப்படித்தான் ஓர் அமைச்சர் ஞாபகப் பிசகில், "பண்ணையடிமைகளை விடுவித்தவர் மிராசுதார் தாண்டவராயர்" என்று சொல்லிவிட, வேலப்பனின் பக்கத்து வீட்டுக் கோதண்டத்தின் வாசலில் அவனுடைய பாட்டனுக்குப் பாட்டனான அந்தத் தாண்டவராயர் பத்தடி உயரச் சிலையாக எழுந்து நின்றார்.

வேலப்பனுக்கு எரிந்த வயிற்றில் தெருவுக்கே சோறு பொங்கியிருக்கலாம். அந்த மிராசுதாரின் சாட்டையைப் பிடுங்கி எறிந்து நாற்பது பேரை விடுவித்தது இவன் பாட்டனுக்குப் பாட்டன் காத்தான் அல்லவா!

"அவுங்களுக்குச் சிலை, நமக்கு அதுமேல ஒக்கார்ற காக்காயா?" என்றாள் மனைவி செங்கமலம்.

அடுத்த கூட்டத்தில் வேலப்பன் முண்டியடித்துப் போய், காத்தானின் கதையை எழுதிய சீட்டை அமைச்சர் கையில் திணித்தான். அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு முழங்கினார்: "நாற்பது பேரை அடிமையா வச்சுச் சாட்டையால வெளுத்த கொடியவன், காத்தான்!"

மாலையில் வேலப்பன் வாசலிலும் சிலை முளைத்தது, கையில் சாட்டையோடு. செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

கோதண்டம் வந்து அண்ணாந்து பார்த்தான். அவன் முகம் சுண்டிப்போனது.

"என்ன வேலப்பா, ஒங்களுது பன்னெண்டு அடியா?"

"பதிமூணு" என்றான் வேலப்பன், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.