பதினெட்டாவது வண்டி

"கிலோவுக்கு முப்பத்து மூணு கிலோமீட்டர்னு யார் சொன்னது?" முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தபடி கேட்டார் பெரியநாயகசாமி.

"கம்பெனி சொல்லுது சார். கேஸ் வண்டின்னா அவ்வளவு கொடுக்கும்" என்றான் ஃபாஜில், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

"நெல்லு காஞ்சிருக்குன்னு விவசாயியும்தான் சொல்லுவான். அள்ளிப் பாத்தாத்தானே தெரியும்?"

பெரியநாயகசாமி முப்பது வருடம் நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்தவர். அவர் உதட்டைப் பிதுக்கினால் மூட்டை வந்த டிராக்டரிலேயே திரும்பிப் போகும். ஓய்வு பெற்றபின் பிதுக்குவதற்கு நெல் இல்லாததால் கார்களைப் பிடித்துக்கொண்டார்.

மடியில் நீள நோட்டு. மைலேஜ், ஏசி, இருக்கை, குலுக்கல் என்று கட்டம் போட்டு, இதுவரை பதினேழு சின்னக் கார்கள். ஒரு நாளைக்கு ஒரு வண்டி. அதுவும் திருக்காட்டுப்பள்ளியில் அவர் வீட்டு வாசலுக்கே வர வேண்டும். தஞ்சாவூரில் அவருக்கு வண்டி அனுப்பாத ஷோரூம் பாக்கியில்லை.

"போன வாரமும் இதே வண்டியத்தானே சார் பாத்தீங்க?"

"அது பெட்ரோல். இது கேஸ். விஞ்ஞானம்னா என்னன்னு தெரியுமா தம்பி உனக்கு?"

ஃபாஜிலுக்குத் தெரியாது. சனிக்கிழமைக்குள் ஒரு வண்டியாவது புக் ஆகாவிட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொன்னது மட்டும் தெரியும். இன்று வியாழன். புக்கிங் படிவத்தில் பெரியநாயகசாமியின் பெயரை எழுதியே எடுத்து வந்திருந்தான்.

பின் சீட்டில் அவர் மனைவி மரியபுஷ்பம் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். பின்னால் ஒருவர் படுத்து வர முடிகிறதா என்பதும் நோட்டில் ஒரு கட்டம். முந்தானையை இழுத்துவிட்டபோது அவர் கழுத்தோரம் ஊதா மைக்கோடு ஃபாஜிலுக்குக் கண்ணாடியில் தெரிந்தது. நாள் முழுக்கக் கட்டம் போடுகிற புருஷன் வாய்த்தால் மை எங்கேதான் ஒட்டாது?

"நாப்பதுக்கு மேல போகாத. நாப்பதுலதான் மைலேஜ் பிடிபடும்."

"பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கறான் சார்."

"அடிக்கட்டும். அவன் என்ன மைலேஜா பாக்கறான்?"

"தினமும் தஞ்சாவூர் போய் வரத்தான் வண்டின்னு சொன்னீங்க. அங்க என்ன சார் வேலை?"

"போவணும், வரணும். அதுதான் வேலை."

பூதலூர் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. பின்னால் சின்னதாக ஒரு முனகல். 'குலுக்கல்: சுமார்' என்று பெரியநாயகசாமி எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது. சாலை அப்படி.

"அம்மாவுக்கு வண்டி பிடிச்சிருக்காம்மா?"

"இது பரவாயில்ல தம்பி. நேத்து வந்தது தூக்கித் தூக்கிப் போட்டுது."

"நீ பேசாம வா. முடிவு நான்தானே எழுதணும்" என்றார் கணவர்.

பத்து மணிக்கு மருத்துவக் கல்லூரி சாலையில் நிறுத்தச் சொன்னார்.

"நிழல்ல விடாத. வெயில்லயே நிக்கட்டும். ஒரு மணி நேரம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணி, ஏசி எத்தனை நிமிஷத்துல பிடிக்குதுன்னு பாக்கணும். அதுக்குள்ள நாங்க ஒருத்தரப் பாத்துட்டு வந்துடறோம்."

எந்தக் கார் கம்பெனிக்கும் தோன்றாத சோதனை. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குள் மெல்ல நடந்து போனார்கள். நோட்டு சீட்டிலேயே கிடந்தது.

ஃபாஜில் எடுத்துப் புரட்டினான். பதினெட்டுக்குக் கீழே வரிசையாக எண்கள் போட்டுக் கட்டங்கள் தயாராக இருந்தன. இருபத்தைந்தோடு கோடு போட்டு முடித்திருந்தார். தேதிகளைப் பார்த்தான். எல்லாம் வார நாட்கள். சனி, ஞாயிறு ஒன்றுகூட இல்லை. நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். மரியபுஷ்பம் ஏறியதும் தலையணையில் சரிந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏசி நாலு நிமிஷம். தேறும்" என்று எழுதினார் பெரியநாயகசாமி. நோட்டை மூடிவிட்டார். ஃபாஜில் நாற்பதைத் தாண்டவில்லை. பூதலூர்ப் பள்ளத்தில் முதல் கியருக்கு வந்து, முட்டைக் கூடையை இறக்குவதுபோல வண்டியை இறக்கினான்.

வீட்டு வாசலில் இறங்கி, மனைவியை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்தார் பெரியநாயகசாமி. ஃபாஜில் கையில் படிவத்தோடு நின்றான்.

"சார், எல்லாக் கட்டமும் தேறிடுச்சு. சனிக்கிழமை ஷோரூம் வந்தீங்கன்னா..."

"சனி, ஞாயிறு நான் வண்டி பாக்கறதில்ல. ஆட்டோமேட்டிக் ஒண்ணு பாக்கி இருக்கு. அதப் பாக்காம முடிவெடுத்தா ஈரம் பாக்காம மூட்டை தைச்ச மாதிரி. நாளைக்கு ஒன்பது மணிக்கு அதக் கொண்டா."

போன் அடித்தது. மேனேஜர்.

"பார்ட்டி கையெழுத்துப் போட்டாச்சா, இல்லையா?"

"இல்ல சார். ஆட்டோமேட்டிக் ஒரு ரவுண்டு பாக்கணுங்கறார்."

மறுமுனையில் கத்தியது பெரியநாயகசாமிக்கே கேட்டது. அவர் நோட்டைத் திறந்து, எழுதி முடித்த கட்டத்தையே மறுபடி பார்த்தார்.

ஃபாஜில் போனைப் பையில் போட்டான். படிவத்தை நான்காக மடித்து அதையும் போட்டான்.

"ஆஸ்பத்திரில அம்மாவுக்குக் கழுத்துல கரண்ட் வைக்க இன்னும் ஏழு நாள்தானே சார்?"