குதிகால்

"எங்க, ஒத்தைக் கால்ல ஒரு குதி குதி, பார்க்கலாம்!"

எலும்பு டாக்டர் இப்படிச் சொன்னதும் ஏழு வயதுப் பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அப்பாவைப் பார்த்தாள். குதிப்பதா வேண்டாமா என்று குடும்பமே கூடி முடிவெடுக்க வேண்டும் போலிருந்தது.

"குதிடா கண்ணா," என்றார் அப்பா.

பையன் ஒரு காலைத் தூக்கினான். அவ்வளவுதான். ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேசையைப் பிடித்து, அதன்மேல் இருந்த பிளாஸ்டிக் எலும்புக்கூட்டையும் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பிரமாதம்! இந்தா, இந்தப் பந்தைப் பிடி."

பஞ்சுப் பந்துதான். மெதுவாகத்தான் போட்டார். பந்து மூக்கில் பட்டு, கீழே விழுந்து, உருண்டு, கதவோரம் போய் நின்ற பிறகு பையன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"அந்தப் பந்து வந்துட்டுப் போயிடுச்சு ராஜா. நாளைக்குப் போடப்போற பந்துக்கு இப்பவே கையை நீட்டி வெச்சுக்கோ."

இந்த டாக்டர் ஊசி போடுவது குறைவு. அந்தக் குறையை நாக்கால் தீர்த்துக்கொள்வார்.

"சரி, கதவு வரைக்கும் நடந்துட்டு வா."

பையன் நடந்தான். விரல் நுனியை மட்டும் ஊன்றி, போனதும் தெரியாமல் வந்ததும் தெரியாமல் நடந்தான்.

"ஆஹா! என்ன சார், திருடப் போறதுக்குப் பழக்கறீங்களா? குதிகால் தரையில படவே இல்லையே! பேர்லயே இருக்கு பாருங்க, குதி கால்னு. இவனுக்கு அது சும்மா அழகுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு."

"சரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்டாள் அம்மா. "ஸ்கூல்ல நாலு எட்டு ஓடினா விழுந்துடறான். பசங்க ஆட்டத்துல சேர்த்துக்கறதில்ல. ஓரமா உக்காந்து எல்லாரோட தண்ணி பாட்டிலுக்கும் காவல் இருக்கான். எங்க தெருமுனையிலேயே ஒரு டாக்டர் இருக்கார். ஆனா இவர், உங்ககிட்டதான் காட்டணும்னு ஒத்தைக் கால்ல நின்னார்."

"பரவாயில்ல, குடும்பத்துல ஒருத்தருக்காவது ஒத்தைக் கால்ல நிக்க வருதே!"

"இதுக்கு உங்களை விட்டா வேற ஆளே இல்ல டாக்டர்," என்றார் அப்பா பவ்யமாக.

டாக்டருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பையனின் பாதத்தைப் பிடித்து மேலும் கீழும் மடக்கிப் பார்த்தார்.

"கெண்டைக்கால் தசை இறுகிக்கிட்டு வருது. இப்படியே விட்டீங்கன்னா மாவுக்கட்டுதான். அதுக்கும் மசியலன்னா ஆபரேஷன்."

அம்மாவுக்குக் கண் கலங்கியது. டாக்டருக்கு உற்சாகம் பிறந்தது.

"எந்நேரமும் போனும் கையுமா உக்கார வெச்சிடறீங்க! பிள்ளை சோபாவுல தலையணை மாதிரி கிடந்தா உங்களுக்கு நிம்மதி. நாங்கல்லாம் அந்த வயசுல வீட்டையே இடிச்சோம் சார். கட்டில் மேலேர்ந்து குதிப்போம். படிக்கட்டுல தாவித் தாவி இறங்குவோம். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களா?"

"அக்கம்பக்கத்துல கூடவா சொல்லல டாக்டர்?" என்று கேட்டார் அப்பா.

"அவங்க என்ன சொல்றது? பிள்ளைன்னா குதிக்கத்தான் செய்யும்! இவனுக்கு மருந்து மாத்திரை எதுவும் வேணாம். தினமும் வீட்டுல அரை மணி நேரம் குதிக்கட்டும். கயிறு தாண்டட்டும். பந்தைத் தரையில தட்டட்டும். குதிகால் பதியற மாதிரி தொம்முத் தொம்முன்னு நடக்கட்டும்."

"தொம்முத் தொம்முன்னா... எந்த அளவுக்கு டாக்டர்?"

"வீடு அதிரணும்!"

"அதுக்குத்தான் டாக்டர் வழியில்ல," என்றாள் அம்மா. "நாங்க இருக்கறது மாடியில. கீழ் வீட்டுல ஒரு புண்ணியவான் இருக்கார். நான் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்ல, அவரும் எங்களைப் பார்த்ததில்ல. இவன் ஓடினா போதும், இவருக்கு மெசேஜ் மேல மெசேஜ் வரும். வீட்டைக் காலி பண்ண வெச்சிடுவேன்னு மிரட்டல் வேற. வேற வழியில்லாம நாங்கதான் இவனுக்கு நுனிக்கால்ல நடக்கச் சொல்லிக் குடுத்தோம். பந்தெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டாச்சு. இப்ப வெளியில போனாலும் இவனுக்குக் கால் பதிய மாட்டேங்குது."

டாக்டர் மேசையில் ஓங்கித் தட்டினார். எழுந்து நின்றிருந்த எலும்புக்கூடு மறுபடி படுத்துக்கொண்டது.

"என்ன மனுஷன் சார் அவன்! ஒரு பிஞ்சுக் காலை முடக்கிப் போட்டிருக்கானே! ஈவு இரக்கம் இல்ல?"

"நல்லாப் படிச்சவர்தான் டாக்டர்," என்றார் அப்பா.

"படிச்சு என்னத்தைக் கிழிச்சான்? நீங்க வாயில்லாப் பூச்சியா இருக்கீங்க, அதான் அவன் ஏறி மிதிக்கறான். போனைப் போடுங்க. நான் பேசறேன். நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

"இப்பவேவா டாக்டர்? அவர் வேலையில இருப்பாரே..."

"பெரிய வேலை! போடுங்க சார்!"

இதற்காகவே காத்திருந்தவர் போல அப்பா போனை எடுத்தார். எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரையும் போட்டு மேசைமேல் வைத்தார்.

மணி அடித்தது. மேசையின் அந்தப் பக்கத்திலும் ஒரு மணி அடித்தது.

"சே, நேரங்காலம் தெரியாம எவனோ என்னைக் கூப்பிடறான்," என்று முனகியபடி டாக்டர் தன் போனைத் திருப்பினார். பார்த்ததும் அவசரமாக அதைக் கவிழ்க்கப் போனார்.

பையன் நுனிக்காலில் எக்கி அந்தத் திரையைப் பார்த்தான். குதிக்கத்தான் வராதே தவிர, அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நன்றாக வரும்.

"மேல்... வீட்டு... யானை," என்று கணீரென்று படித்தான்.