ஆற்றுக்கு அந்தப் பக்கம்

“கப்பல்டா உனக்கு! இந்தத் தடவை கப்பலேதான்!”

சிங்காரவேலு போட்ட கூச்சலில் குருவிநத்தம் தெருவே எழுந்து வந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தையலம்மாளின் ஆட்டுப்பட்டியில் செல்லப்பன் கெடாவைத் தோளில் தூக்கும்போதே அவனைப் பிடித்துவிட்டான் சிங்காரவேலு. கையும் களவுமாக என்பார்களே, அதுதான்.

செல்லப்பன் ஏற்கெனவே மூன்று தடவை உள்ளே போய் வந்தவன். ஒரு தடவை தேங்காய், ஒரு தடவை கோழி, ஒரு தடவை யாரோ காயப்போட்டிருந்த வேட்டி. நாலாவது தடவை மாட்டினால், ஊரை ஆளும் பிராஞ்சுக்காரன் சட்டத்தில் பேச்சே கிடையாது. ஜட்ஜே மனசு வைத்தாலும் முடியாது. கப்பலில் ஏற்றி, கயேன் என்று எங்கேயோ இருக்கிற ஒரு சீமைக்கு அனுப்பிவிடுவார்கள். சாகிற வரைக்கும் அங்கேதான்.

“பாகூருக்கு ஆள் அனுப்புங்கப்பா. சிப்பாயி வந்து இட்டுகினு போவட்டும்” என்றார் பெரிய பண்ணை பலராமன். “ஊரைப் புடிச்ச சனி இன்னியோட ஒழியட்டும்.”

செல்லப்பன் மனைவி காசம்மாள் இடுப்புக் குழந்தையோடு ஓடி வந்து ஒவ்வொருத்தர் காலாக விழுந்தாள்.

“புத்தி கெட்டுப் போயி செஞ்சிட்டாரு. இன்னா வேணா பண்ணுங்க, கப்பலுக்கு மட்டும் அனுப்பாதீங்க சாமி!”

யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் தையலம்மாள் வந்தாள், கையில் மாட்டுக் கயிறோடு. தனிக்கட்டை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடும் பட்டியும், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் பூமியில் ஒரு கம்பங்கொல்லை. வாயைத் திறந்தால் ஊர்க்கோடிக்குக் கேட்கும். வந்த வேகத்தில் செல்லப்பனுக்கு ரெண்டு அறை வைத்தாள்.

“கப்பலாம் கப்பல்! அங்க இவனை ஒக்கார வெச்சு சோறு போடுவான். எனக்கு அதெல்லாம் ஆவாது. ஆத்துக்கு அந்தாண்ட இட்டுகினு போறேன். இங்கிலீஷ் போலீஸ் இவன் தோலை உரிக்கணும். நான் கண்ணால பாக்கணும்!”

அந்தப் பக்கத்து லத்தியைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள்.

“பொம்பளையா இவ?” என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆனாலும் பறிகொடுத்தவள் அவள். தடுக்க யாருக்கு வாய் வரும்?

“நீதானே புடிச்சே, சிங்காரம்? சாட்சிக்கு வா. கெடாவைத் தூக்கிக்கோ.”

பெண்ணையாற்று மணல் முழுக்க அவள் செல்லப்பனைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவன் பாட்டனில் ஆரம்பித்து ஒருத்தரையும் விடவில்லை. கயிற்றில் கட்டுண்ட செல்லப்பன் அழுதுகொண்டே நடந்தான். கப்பல் என்று முதலில் கத்திய சிங்காரவேலுவுக்கே அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அக்கரை ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார்: “எங்கம்மா திருடினான்?”

“இந்தக் கரையில என் கம்பங்கொல்லை இருக்குதுங்க. அங்கதான் கெடாவைக் கட்டி வெச்சிருந்தேன்.”

சிங்காரவேலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னா சொல்றா இவ? அவன் பிடித்தது குருவிநத்தத்தில், அவள் பட்டியிலல்லவா?

ஏட்டு அவன் பக்கம் திரும்பினார். “நீதான் சாட்சியா? கொல்லையிலயா புடிச்சே?”

தையலம்மாள் ஒன்றும் பேசவில்லை. அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்த வாய்க்குள் இப்படி ஒரு மௌனம் இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

“ஆமாங்க. கொல்லையிலதான்.”

“இவன் பேர்ல பழைய கேசு உண்டா?” என்று ஏட்டு உள்ளே பார்த்துக் கேட்டார்.

“நம்ம பக்கம் ஒண்ணும் இல்லைங்க” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

“முதல் தடவைதானா? அப்ப ரெண்டு மாசமோ மூணு மாசமோ உள்ள இருந்துட்டு வூட்டுக்குப் போவான். ஆடு கேசுக்குச் சாட்சியா இங்க இருக்கட்டும்.”

செல்லப்பன் தடாலென்று தையலம்மாள் காலில் விழுந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“எழுந்திர்றா. திருடின இல்ல? கெட உள்ள. காசம்மாளுக்கும் புள்ளைக்கும் கஞ்சி நான் ஊத்தறேன்.”

திரும்பும்போது சிங்காரவேலு அவள் பின்னால் மணலில் நடந்தான். பத்து வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறவளை இன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் இருந்தது. கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது. கும்பிட்டால் அதற்கும் திட்டுவாளே என்று விட்டுவிட்டான்.

“போலீஸ்கிட்ட வுட்ட கெடா திரும்பி வராதேக்கா?” என்றான் கடைசியில்.

“வராது. அதுக்காவ? ஒரு கெடாவுக்கு ஒரு ஆயுசாடா?”

“அவனைக் காப்பாத்தத்தான்னா, எதுக்கு அந்த அறை, அந்த வசவு? வழியெல்லாம் அழ வெச்சியே!”

தையலம்மாள் நின்று அவனைப் பார்த்தாள்.

“சிரிச்சுகினு இட்டாந்திருந்தா, இந்த ஆத்தைத் தாண்ட நீ வுட்டிருப்பியா?”